ஷாம்பு சாஷே, மாத்திரை அட்டை: பிளாஸ்டிக் தடையில் சிக்காதது ஏன்?

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் கைப்பைக்குத் தடை. 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்க ஸ்ட்ரா, பிளாஸ்டிக் ஸ்பூன், பிளாஸ்டிக் குச்சி வைத்த இயர்பட்ஸ் ஆகியவற்றுக்கும் தடை. ஆனால் பெட்டிக்கடையில் சரம் சரமாகத் தொங்கும் சாஷே மட்டும் தப்பித்துவிட்டது. எப்படி?

சாஷேவில் என்ன பிரச்சினை?

பார்க்க ஒரே தாள் போல இருக்கும். உண்மையில் பாலியெஸ்டர், அலுமினியம், பாலித்தீன் என மெல்லிய அடுக்குகளை ஒன்றாக ஒட்டியிருப்பார்கள். ஈரமும் காற்றும் உள்ளே போகாமல் தடுப்பது இந்த அடுக்குகள்தான். மறுசுழற்சிக்கு முட்டுக்கட்டையும் இவைதான். பிரித்தெடுப்பது கடினம், செலவும் அதிகம். ஒரு கிலோ சேர்க்க நூற்றுக்கணக்கில் பொறுக்க வேண்டும், காயலான் கடையில் காசும் தேறாது. அதனால் பாட்டிலை எடுப்பவர்கள் சாஷேவை விட்டுவிடுகிறார்கள்.

மாத்திரை அட்டை?

முன்பக்கம் பெரும்பாலும் பிவிசி, பின்பக்கம் அலுமினியம். பிவிசியில் குளோரின் இருப்பதால் எரித்தால் நச்சு வாயு வரும். ஆனால் ஒவ்வொரு மாத்திரையையும் தனித்தனியாகப் பாதுகாப்பதால், சட்டென்று வேண்டாம் என்று சொல்லவும் முடியாது.

சட்டம் எங்கே நழுவியது?

மறுசுழற்சி செய்ய முடியாத பல அடுக்கு பிளாஸ்டிக்கை 2 ஆண்டுகளில் நிறுத்த வேண்டும் என்றன 2016 மத்திய விதிகள். கெடு முடியும் நேரத்தில், 2018 மார்ச்சில் வாசகம் மாறியது. எரித்து ஆற்றல் எடுக்க முடிந்தாலோ, வேறு பயன்பாடு இருந்தாலோ நிறுத்தத் தேவையில்லை என்றானது. அதாவது, சிமென்ட் ஆலை உலையில் எரிந்தாலே போதும்! குட்கா, புகையிலை, பான் மசாலா பிளாஸ்டிக் சாஷேக்களுக்கு மட்டும் 2011 முதலே தடை.

இப்போது யார் பொறுப்பு?

தயாரிப்பு நிறுவனங்கள்தான். 2022 விதிமுறைப்படி, சந்தைக்கு அனுப்பும் பிளாஸ்டிக்குக்கு அவை கணக்கு காட்ட வேண்டும். ஆனால் தங்கள் சாஷேவைத் தாங்களே திரட்ட வேண்டும் என்பதில்லை. கழிவைப் பதப்படுத்தும் ஆலைகளிடம் சான்றிதழ் வாங்கியும் கணக்கை நேர் செய்யலாம்.

மக்கள் பாட்டிலுக்கு மாறினால்?

ஷாம்பு சாஷே கடலூர் சின்னிகிருஷ்ணனின் யோசனை. அவர் மகன் சி.கே.ரங்கநாதன் 1983இல் தொடங்கிய நிறுவனத்தின் சிக் ஷாம்பு, அதைக் கிராமங்கள் வரை கொண்டுபோனது. தினக்கூலிக் குடும்பத்துக்கும் ஷாம்பு எட்டியது இப்படித்தான். இன்றும் பல பிராண்டுகளில் மில்லி கணக்கில் பார்த்தால் பாட்டிலைவிட சாஷேதான் மலிவு. அந்த விலையை வைப்பது நிறுவனம். அது மாறாதவரை, ‘சாஷே வாங்காதீங்க’ என்று மக்களிடம் மட்டும் சொல்வதில் பலன் இல்லை.