குடும்பப் பக்கம்: ஏழு பேருக்கு ஒரு வண்டி

முலுண்டிலிருந்து அன்பர் ஒருவர் நமக்கு எழுதியிருக்கிறார். மனைவி, எட்டு, ஐந்து, ஒன்றரை வயதுகளில் மூன்று குழந்தைகள், ஊரிலிருந்து வந்து தங்கிவிட்ட தாய் தந்தையர், ஆக வீட்டில் ஏழு பேர். மாதத் தவணையாகத் தம்மால் செலுத்தக்கூடிய தொகையையும் குறித்துவிட்டு, "ஐவர் அமரும் சிறிய காரை வாங்கிக் குழந்தைகளை மடியில் வைத்துக்கொண்டால் ஆகாதா?" என்று வினவுகிறார்.

ஆகாது என்பதே நம் விடை. பதினான்கு வயது நிரம்பாத குழந்தையை சீட் பெல்ட்டோ குழந்தைக்குரிய தனி இருக்கையோ இன்றி ஏற்றிச் சென்றால், 2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டப்படி 1,000 ரூபாய் அபராதம். அபராதத்தைக் கட்டிவிட்டு வீடு திரும்பலாம். ஆனால் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி எதிலேனும் மோதி நின்றால், மடியிலிருக்கும் பத்துக் கிலோ குழந்தையைப் பிடித்து நிறுத்தும் வலிமை எந்தத் தாயின் கைகளுக்கும் இல்லை. பம்பாயின் பழைய பியட் டாக்சியில் எட்டுப் பேராக அடைந்துகொண்டு சென்றவர்கள்தாம் நாமும். அந்தப் பத்மினி டாக்சிகளும் 2023 அக்டோபரோடு இந்நகரத் தெருக்களிலிருந்து விடைபெற்றுவிட்டன; அவ்வழக்கமும் அவற்றோடு போகட்டும்.

நம் வீட்டுக் கதையையும் சொல்லிவிடுகிறோம். ஆறு பேர் இருந்த வீட்டுக்கு ஐவர் அமரும் வண்டியை வாங்கினோம். முதல் ஞாயிறன்று மாட்டுங்கா கோயிலுக்குப் புறப்பட்டபொழுது, "எனக்கு முழங்கால் வலி, நீங்கள் போய் வாருங்கள்" என்றார் அன்னையார். அடுத்த ஞாயிறு வெயில் ஒத்துக்கொள்ளவில்லை. அதற்கடுத்த வாரம், வீட்டில் எவரேனும் இருக்க வேண்டுமாம். இப்படியே நான்கு ஆண்டுகள் கழிந்தன. பின்னர் ஏழு இருக்கை வண்டி வாசலுக்கு வந்த அன்று, எல்லோருக்கும் முன்பாகச் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றவர் அவரே. நான்கு ஆண்டுகளாக வலித்தது முழங்கால் அன்று என்பது அன்றைக்குத்தான் நமக்கு உறைத்தது.

ஆகவே, ஏழு பேருக்கு ஏழு இருக்கை. இனி, எந்த வண்டி?

நடுத்தரக் குடும்பத்தின் கைக்கெட்டும் தொலைவில் முதன்மையானவை மாருதியின் எர்டிகா, ரெனோவின் டிரைபர், இவற்றுக்கு ஒரு படி மேலே கியாவின் காரன்ஸ். டிரைபரின் விலை பெரிதும் குறைந்திருப்பதற்கு வரியும் ஒரு காரணம். நான்கு மீட்டர் நீளத்துக்கும் 1,200 சி.சி. பெட்ரோல் இயந்திரத்துக்கும் உட்பட்ட கார்களுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 18 விழுக்காடு, அவ்வரம்பைக் கடந்தவற்றுக்கு 40. டிரைபர் வரம்புக்குள் அடங்கிவிடுகிறது. ஏறத்தாழ 4.4 மீட்டர் நீளமுள்ள எர்டிகா அடங்குவதில்லை.

ஆனால் அந்த நான்கு மீட்டருக்குள் மூன்று வரிசைகளை அடக்கியதன் விலையை டிக்கியில் காணலாம். ஏழு இருக்கைகளும் விரிந்திருக்கையில் டிரைபரின் டிக்கி 84 லிட்டர். இரண்டு சிறு கைப்பெட்டிகளுக்கே அது நிறைந்துவிடும். எர்டிகாவில் 209, காரன்ஸில் 216. எர்டிகாவிலேயே சி.என்.ஜி. வகையை எடுத்தால், எரிவாயு உருளை அந்த டிக்கியில்தான் குடியேறுகிறது. நாள்தோறும் நெடுந்தொலைவு ஓட்டுபவருக்கு அது இலாபமே. வாரத்தில் இரு நாள் வண்டியெடுக்கும் ஏழு பேர் குடும்பத்துக்குப் பெட்ரோலே போதும் என்பது நம் கருத்து. டிரைபரின் இயந்திரம் ஏறத்தாழ 72 குதிரைத்திறன் கொண்டது. எர்டிகாவுக்கு நூறுக்குச் சற்று மேல். நகருக்குள் இவ்வேறுபாடு பெரிதாகத் தோன்றாது. ஏழு பேரோடு கண்டாலா மலையேறும்பொழுது தோன்றும்.

இவை அனைத்தையும்விடப் பெரியதொரு சங்கடத்தை விற்பனையாளர் எவரும் தாமாகச் சொல்வதில்லை. மூன்றாம் வரிசைக்குப் போக நடு வரிசை இருக்கையை மடிக்க வேண்டும். கைக்குழந்தையின் தனி இருக்கையைப் பூட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கிகள் இருப்பதோ பெரும்பாலும் அந்த நடு வரிசையின் ஓரங்களில். நடைபாதைப் பக்கத்து ஓரத்தில் அதைப் பூட்டிவிட்டால் பின்வரிசைக்கு அப்பக்கம் வழி அடைபட்டுவிடும். எனவே குழந்தை இருக்கையை ஓட்டுநருக்குப் பின்னால் பொருத்துக. பெரிய பிள்ளைகள் இருவரும் இடப்புறமாக ஏறிப் பின்னே அமர்ந்த பிறகு, தாத்தாவும் பாட்டியும் நடுவில் ஏறுக. ஐந்து வயதுப் பிள்ளைக்கு, பெல்ட் கழுத்தில் அழுந்தாதிருக்க, உயர்த்தும் இருக்கை வேண்டும். முன்னிருக்கையில் ஏர் பேக் இருப்பதால், பின்னோக்கி அமரும் கைக்குழந்தை இருக்கையை அங்கே ஒருபோதும் வைத்தலாகாது.

பழைய வண்டியா என்றும் அன்பர் கேட்டிருக்கிறார். தாராளமாக வாங்கலாம். எனினும் எர்டிகாவிலும் டிரைபரிலும் எல்லா வகைகளுக்கும் ஆறு ஏர் பேக் வந்தது 2025இல்தான். அதற்கு முந்திய மலிவு வகைகளில் இரண்டே. கோவையிலிருக்கும் மைத்துனர் தம்முடைய இன்னோவாவை மலிவாகத் தருவதாகச் சொல்கிறாராம். அங்குள்ள அலுவலகத்தில் தடையின்மைச் சான்று பெறவேண்டும்; பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருப்பதாயின் மறுபதிவு செய்து மகாராஷ்டிரத்துக்கும் சாலை வரி கட்டவேண்டும். அத்தொகையையும் கூட்டிப் பார்த்தபின் மைத்துனருக்கு விடை எழுதுக. சொசைட்டியில் தமக்கு ஒதுக்கிய இடத்தை நாடா கொண்டு அளந்துவிடுவதும் நன்று. அடுக்கு நிறுத்தமாயின் உயரத்தையும் அளக்க வேண்டும்.

இவ்வன்பருக்கு நாம் சொல்வது: தவணை இடங்கொடுத்தால் எர்டிகா பெட்ரோல், இடங்கொடாவிடில், கடனை நீட்டாமல் டிரைபர். ஆண்டுக்கொரு முறை ஊருக்குச் செல்வதை நினைத்துப் பெரிய வண்டி வாங்க வேண்டாம். அப்பயணத்துக்கு ரயில் இருக்கிறது. முன்பணம் கொடுக்குமுன் ஏழு பேரும், கைக்குழந்தையின் இருக்கையும் பாட்டியின் கைத்தடியுமாக, ஒரு நண்பகலில் ஷோரூமுக்குச் செல்லுங்கள். எல்லோரும் ஏறி அமர்ந்து, குளிர்காற்று கடைசி வரிசைக்கு எட்டுகிறதா என்று கால்மணி நேரம் பாருங்கள். விற்பனையாளர் கடிகாரத்தைப் பார்ப்பார், பார்க்கட்டும்.

எதை வாங்கினார் என்பதை அன்பர் நமக்கு எழுதுவாராக. முதல் ஞாயிறன்று பாட்டி எங்கே அமர்ந்தார் என்பதையும் சேர்த்து எழுதினால் மகிழ்வோம்.