அப்பா பட்ட கடன் யார் தலையில்?
மாட்டுத்தாவணியில் கடை வைத்திருந்த ஒருவர் காலமாகிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். காரியம் முடியுமுன்பே கடன் கொடுத்தவர் வாசலில் நிற்கிறார். "அப்பன் கடனுக்குப் பிள்ளைதான் பொறுப்பு" என்கிறார்.

இது சரியா?

இந்துக் குடும்பங்களில் முன்பு அப்படித்தான். தகப்பன் கடனைத் தீர்ப்பது மகனின் தர்மம் என்று கோர்ட்டும் ஏற்றது. 2005-ம் ஆண்டு வாரிசுச் சட்டத் திருத்தம் அதை மாற்றியது. அந்த ஆண்டு செப்டம்பர் 9-ந் தேதிக்குப்பின் வாங்கிய கடனை, மகன் என்பதற்காக மட்டும் அவனிடம் கேட்க முடியாது.

ஆனால் இறந்தவரின் சொத்து கடனுக்குக் கட்டுப்பட்டது. சொத்து 1 லட்சம், கடன் 3 லட்சம் என்றால், வாரிசுகளின் பொறுப்பு 1 லட்சத்தோடு சரி. பங்கு பெறும் மகளுக்கும் இதே கணக்குதான்.

ஜாமீன் கையெழுத்துப் போட்டவர் மட்டும் தப்ப முடியாது. ஆகவே, துக்க வீட்டில் நீட்டப்படும் புதுப் புரோநோட்டில் அவசரப்பட்டுக் கையெழுத்திடக் கூடாது. செத்தவர் கடன் இருப்பவர் கடனாகிவிடும்!