உழைச்செல்வான் எம்மொழியிற் பேசுவான்?

மருந்து, அளவு தப்பினால் நஞ்சு. அவ்வளவைக் காத்து நிற்பவனே மருந்தாளுநன். மருத்துவத்தை நாற்கூறாகப் பகுத்த வள்ளுவப் பெருந்தகை, நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து என்னும் மூன்றோடு அமையாது, உடனிருந்து அதனை முறையாகச் சேர்ப்பிக்கும் உழைச்செல்வானையும் நான்காம் கூறாக வைத்தார். அவ்வுழைச்செல்வானை ஆக்குதற்கென்றே இன்று இளநிலை மருந்தியல் என்னும் நான்காண்டுப் பட்டப்படிப்பு உளது. ஆனால் அப்படிப்பில் நோயாளியின் மொழிக்கு இடமில்லை. வெறும் மொழிப்பற்றால் இதனைக் கூறினேனல்லேன், பட்டறிந்து கூறுகின்றேன்.

என் தமக்கையார்க்கு நெடுநாளாக இரைப்பு நோய். மருத்துவர் ஒருவர், பொடி அடைத்த உறைமாத்திரையும் ஞெகிழிக் கருவி யொன்றும் எழுதித் தந்தார். மாத்திரையைக் கருவியிலிட்டுத் துளைத்து, அப்பொடியை மூச்சோடு உள்ளிழுத்தல் வேண்டும். மருந்துக்கடையிலிருந்த பட்டம் பெற்ற இளைஞர், "இரண்டு வேளை இன்கேல் பண்ணுங்கள்" என்று கூறிக் கொடுத்தனுப்பினார். தமக்கையார் கருவியை மாடத்தில் வைத்துவிட்டு, மாத்திரையை நாளும் இருவேளை வெந்நீரில் விழுங்கி வந்தார்! பத்தாம் நாள் இரவு மூச்சுத் திணறியபோதுதான் உண்மை வெளிப்பட்டது. உயிர் தப்பியது நற்பேறு.

மறுநாள் அவ்விளைஞரைக் கண்டேன். அவர் தீயரல்லர், சோம்பருமல்லர். "நான்காண்டும் ஆங்கிலத்திலேயே எழுதினேன், ஐயா. இதைத் தமிழில் எப்படிச் சொல்வதென்று எவரும் கற்பிக்கவில்லை" என்றார். 'மூச்சோடு இழுங்கள்' என்னும் இரு சொல் அவர் வாயில் வராமற் போனமைக்கு அவரைக் குறைகூறுவதா? அவரை ஆக்கிய படிப்பைக் குறைகூறுவதா?

இப்படிப்பின் பாடத்திட்டம் தில்லியிலுள்ள இந்திய மருந்தியற் குழுவால் வகுக்கப்படுவது. எட்டுப் பருவங்களுள் முதற்பருவத்திலேயே பேச்சுத் தொடர்புத் திறன் என்றொரு பாடம் உண்டு. அதன் செய்முறையில் மாணவன் பழகுவது ஆங்கில ஒலிப்பும் நேர்காணலுமே! ஏழாம் பருவத்தில் மருந்தகப் பணி பற்றிய பாடத்தில் நோயாளிக்கு அறிவுரை கூறலும் இடம்பெறுகின்றது. 2015ஆம் ஆண்டு வந்த மருந்தகப் பணி நெறிமுறைகளோ, நோயாளியோடு பேசி மருந்தை விளக்குதல் மருந்தாளுநரின் கடமை என்கின்றன. கடமையை விதித்தவர்கள் மொழியை மறந்தனர். தமிழன்றிப் பிறிதறியாத மூதாட்டிக்கு ஆங்கிலத்தில் விளக்குவது விளக்கமாகுமா?

"தமிழில் அதற்குச் சொல் உளதா?" என்று வினவுவார் உளர். குடிநீர், பாகு, இளகம், களிம்பு, நெய், நீறு, பொடி, மாத்திரை என மருந்தின் வடிவம் ஒவ்வொன்றிற்கும் பெயரிட்டு வழங்கிய மொழி இது. குறை மொழியிலன்று, கற்பிப்பார் மனத்தில் உளது. நெல்லைப் பக்கத்து நிலவாகை, ஆங்கில மருந்து நூல்களில் 'தின்னவெல்லி சென்னா' என்று ஊர்ப்பெயரோடு நிற்கின்றது. அதனை மலமிளக்கி என்று மனப்பாடம் செய்யும் நம் மாணவன், தன் ஊர்ப் புன்செயில் நிற்பது அதுவே என்று அறியான். குருதிப் புற்றுநோய்க்கு உதவும் வின்கிறிசுட்டின் நம் சுடுகாட்டு மல்லியிலிருந்து கிடைப்பதென்பதும் அவனுக்கு அயற்செய்தியே!

தமிழில் இயலாதென்பார் யாழ்ப்பாணத்தைப் பார்க்க. 1847இல் அங்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், தாம் தமிழ் கற்று, மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே பயிற்றுவித்தார். மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்கினார். அந்நூல்களில் வடசொல் மிகுந்திருந்தமை உண்மையே. ஆயினும் அயலான் ஒருவனுக்கு இயன்றது, நூற்றெழுபதாண்டு கழித்தும் நமக்கு இயலவில்லையே!

சப்பானைப் பார்க்க. செர்மனியிற் பயின்று மீண்ட நாகாய் நாகயோசி, 1885இல் எபெடிரினைப் பிரித்தெடுத்தார். பின்னாளில் இரைப்பு நோய்க்கு அது மருந்தாயிற்று. அயன்மொழியிற் கற்றதை அவர் தம் மக்களுக்குத் தம் மொழியில் வழங்கினார். இன்று அந்நாட்டில் மருந்தாளுநர்க்குரிய படிப்பு ஆறாண்டு; அது நடப்பதும் உரிமத் தேர்வு எழுதப்படுவதும் சப்பானிய மொழியில்.

பன்னிரண்டாம் வகுப்புவரை இயற்பியலும் வேதியியலும் உயிரியலும் தமிழிற் கற்கும் வாய்ப்பு நம் பிள்ளைகட்கு உளது. 2010ஆம் ஆண்டு முதற்கொண்டு பொறியியலும் தமிழில் தொடங்கப்பெற்றது. மருந்தியலுக்கு மட்டும் ஏன் தடை?

மருந்துகளின் பன்னாட்டுப் பெயர்கள் இருந்தவாறே இருக்கட்டும். நாம் கேட்பன மூன்று. தேர்வைத் தமிழில் எழுத விழைவார்க்கு அவ்வுரிமை வேண்டும். ஒவ்வொரு பாடத்திற்கும் தமிழ்க் கலைச்சொற் கோவை வேண்டும். இவ்விரண்டிற்கும் காலம் வேண்டுமெனின், மூன்றாவதை இவ்வாண்டே செய்யலாம்: நோயாளிக்கு மருந்தைத் தமிழில் விளக்கிக் காட்டும் செய்முறைத் தேர்வு ஒன்று வைத்து, அதில் தேறாதவர்க்குத் தமிழ்நாட்டில் பட்டம் இல்லை என்று பல்கலைக்கழகம் அறிவிக்க வேண்டும்.

அதுவரை, அன்பர்காள், மருந்துக்கடையில் நிற்கும்போது வாய் மூடி நில்லாதீர். "தமிழிற் சொல்லுங்கள், உறையின்மேல் தமிழில் எழுதுங்கள்" என்று ஒவ்வொரு முறையும் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை; அதில் அடங்கியிருப்பது உங்கள் வீட்டு முதியோரின் உயிர்.