கூலி வாங்காத காவல்

கம்பம்மெட்டில் ஓர் ஏலக்காய் விவசாயி, விலை ஏறட்டும் என்று இரண்டு மூட்டைகளைத் தெரிந்த வியாபாரியின் கிடங்கில் வைக்கிறார். மூட்டைகள் காணாமல் போகின்றன. "வாடகையா வாங்கினேன்? பழக்கத்துக்காக வைத்துக்கொண்டேன்" என்கிறார் வியாபாரி.

நியாயம் போலத் தோன்றும் இந்தப் பதில் சட்டத்தில் செல்லாது. 1872-ம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 151-வது பிரிவில், கூலிக்குக் காப்பவர், சும்மா காப்பவர் என்று பிரிக்கவில்லை. விவேகமுள்ள ஒருவர் தன் சொந்தப் பொருளைக் காப்பதுபோல் காக்க வேண்டும். அப்படிக் காத்தும் திருட்டுப் போனால் பொறுப்பில்லை. ஆனால் கவனமாக இருந்ததை அவர்தான் நிரூபிக்க வேண்டும். மூட்டையைக் கொடுத்ததை நிரூபிப்பது விவசாயியின் பாடு. எடைச்சீட்டு இங்கேதான் உதவும். சீட்டிலும் வாசகம் முக்கியம். 'விற்றுக்கொள்ளுங்கள், விலையைப் பிறகு முடிக்கலாம்' என்ற பேச்சென்றால் அது பெரும்பாலும் காவலல்ல, கடன் விற்பனை.

ஏலக்காய்ப் பணம் நகையாகி வங்கி லாக்கருக்குப் போனால் சீட்டே கிடையாது. உள்ளே இருப்பது வங்கிக்குத் தெரியாது. அதையே சாக்காகச் சொல்லி வந்தார்கள். கொல்கத்தாவில் யுனைடெட் பேங்க் ஆஃப் இந்தியா, வாடகை கட்டியிருந்தும் ஒருவரின் லாக்கரைத் தகவலின்றி உடைத்தது. 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கச் சொன்னது. காணாமல் போன நகைகளுக்கு சிவில் கோர்ட்டுக்குப் போகச் சொல்லிவிட்டது.

பிறகு ரிசர்வ் வங்கி விதி வகுத்தது. தீ, திருட்டு, ஊழியர் மோசடி என்றால் ஆண்டு வாடகையைப் போல் 100 மடங்கு வரை வங்கியின் பொறுப்பு. வாடகை 2,000 ரூபாய் என்றால் 2 லட்சம். மகள் கல்யாணத்துக்குச் சேர்த்த 20 பவுன் அதில் அடங்காது.