மறுக்கப்பட்ட பென்ஷனும் மனைவியின் கையிலுள்ள கோப்பும்

வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டை போன்ற ஊர்களில் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத வீட்டைத் தேடித்தான் பார்க்க வேண்டும். அங்கே பென்ஷன் என்பது தெருப்பேச்சு. யாருக்கு எவ்வளவு வருகிறது, யாருக்கு ஏன் வரவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். வராதவர்களில் ஒரு சாரார் நோயாலோ காயத்தாலோ பாதியில் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள். ஜவான் ஒருவர் 15 ஆண்டு சர்வீஸ் முடித்தால்தான் வழக்கமான பென்ஷன். அதற்குள் உடம்பு கெட்டுவிட்டால் குடும்பம் பெரிதும் நம்பியிருப்பது ஊன ஓய்வூதியத்தை, அதாவது டிசபிலிட்டி பென்ஷனைத்தான். அதையும் மறுத்து ரெக்கார்டு ஆபீஸிலிருந்து கடிதம் வரும்போது, அதைப் பிரித்துப் படித்து, புரியாத வரிகளை யாரிடமாவது கேட்டு, மேல்முறையீட்டுக்கு ஓடுவது பெரும்பாலும் மனைவிதான். வலிப்பு வருகிற, அல்லது இரவெல்லாம் தூங்காமல் உட்கார்ந்திருக்கிற கணவரால் அது முடிவதில்லை.

சட்டப்படி பார்த்தால் அந்த மனைவி இப்படி ஓட வேண்டியதே இல்லை. 1982-ஆம் ஆண்டின் ஓய்வூதியத் தகுதி விதிகள் தெளிவாகவே சொல்லின: படையில் சேரும்போது ஒரு நோயும் பதிவாகவில்லை என்றால், அந்த வீரர் நல்ல உடல்நலத்தோடுதான் சேர்ந்தார் என்று கொள்ள வேண்டும், நிரூபிக்கும் பொறுப்பு வீரர் மேல் விழாது, நியாயமான சந்தேகம் எழுந்தால் அதன் பலன் அவருக்கே.

இந்த விதிகளுக்கு உயிர் கொடுத்தது தரம்வீர் சிங் வழக்கு. 1985-ல் சிக்னல்ஸ் பிரிவில் சேர்ந்த அவர், ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் வேலை பார்த்தபின் 1994-ல் வலிப்பு நோயால் வெளியேற்றப்பட்டார். ஊனம் 20 சதவீதம் என்று எழுதிய மருத்துவக் குழு, நோய்க்கும் ராணுவ வேலைக்கும் தொடர்பில்லை என்றும் எழுதியது. உயர் நீதிமன்றத்தில் ஒரு நீதிபதி அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். இரு நீதிபதிகள் அமர்வு அதை ரத்து செய்தது. கடைசியில் 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம், காரணம் சொல்லாமல் மருத்துவக் குழு கைவிரிக்க முடியாது என்று சொல்லி அவருக்கு ஓய்வூதியம் வழங்கியது. வீட்டுக்கு அனுப்பப்பட்டதிலிருந்து அந்தத் தீர்ப்பு வர 19 ஆண்டுகள். ஒரு குழந்தை பிறந்து கல்லூரிக்குப் போகும் காலம் அது.

மருத்துவக் குழுவின் படிவத்தைக் கையில் வாங்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், சிக்கல் எங்கே இருக்கிறது என்று. நோயின் பெயர், அது எந்த ஊரில் எந்தத் தேதியில் தொடங்கியது, வேலையால் வந்ததா, வேலையால் மோசமானதா, காரணம் என்ன என்று கட்டங்கள் வரிசையாக இருக்கும். காரணம் எழுத வேண்டிய இடத்தில் பல நேரம் ஒரே வரிதான்: பிறவிக்கூறு சார்ந்த நோய், அல்லது அமைதிப் பகுதியில் (சண்டையோ எல்லைப் பதற்றமோ இல்லாத இடத்தில்) தொடங்கியது. அந்த ஒரு வரியில் ஒரு குடும்பத்தின் ஆயுட்கால வருமானம் நின்றுவிடுகிறது.

அமைதிப் பகுதிக்கு மாற்றலாகி வருவதற்குச் சில மாதம் முன்புவரை அந்த வீரர் சியாச்சினிலோ குப்வாராவிலோ இருந்திருப்பார். விடுமுறைக்கு வந்தவர் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் வெறித்துப் பார்த்தபடி இருந்ததை முதலில் கண்டவர் மனைவி. முதல் வலிப்பு எந்த இரவில் வந்தது, உள்ளூர் டாக்டர் என்ன மாத்திரை எழுதினார் என்று சொல்லக்கூடியவரும் அவர்தான். மாரடைப்பு வழக்குகளில் அதற்கு முந்தைய 14 நாட்கள் வீரர் பார்த்த வேலையைப் பரிசீலிக்க வேண்டும் என்று ராணுவ மருத்துவ அதிகாரிகளுக்கான வழிகாட்டி நூல் சொல்கிறது. அந்த 14 நாட்களும் அவர் தினமும் போனில் பேசியது யாரிடம்? ஆனாலும் மருத்துவக் குழுவின் படிவத்தில் மனைவி சொல்வதை எழுத ஒரு கட்டம் இல்லை. கணவரின் கோப்பில் மனைவியின் பெயர் முக்கியமாக வருவது ஒரே இடத்தில்: குடும்ப ஓய்வூதியத்துக்குத் தகுதியுள்ளவர் என்று. விதவையானால் அவரை அடையாளம் காணத் தயாராக இருக்கும் நிர்வாகம், கணவர் உயிரோடு அவதிப்படும்போது அவரை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்வதில்லை. இது அநியாயம்.

பணக் கணக்கையும் சொல்லிவிட வேண்டும். 100 சதவீத ஊனத்துக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம் என்பது அடிப்படை. 20 சதவீதம் என்றால் 40,000 ரூபாய் சம்பளத்தில் மாதம் 2,400 ரூபாய். அதை 50 சதவீதமாக உயர்த்திக் கணக்கிட்டால் 6,000 ரூபாய். இப்படி உயர்த்தும் சலுகை பதவிக்காலம் முடிந்து ஓய்வு பெற்றவர்களுக்கும் உண்டு என்று 2014 டிசம்பரில் ராம் அவ்தார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பழைய உத்தரவின்படி குறைந்த தொகை வாங்கிக்கொண்டிருக்கும் வீடுகள் இதையும் சரிபார்க்க வேண்டும்.

அரசுத் தரப்பின் வாதத்தை ஒதுக்கிவிட முடியாது. வாழ்க்கை முறை நோய்களைக் காட்டி ஊன ஓய்வூதியம் பெறும் அதிகாரிகள் அதிகம் என்று தணிக்கைத் துறையே சுட்டிக்காட்டியது. 2023 செப்டம்பரில் புதிய விதிகள் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். எல்லா வழக்கும் ஜெயிப்பதும் இல்லை. 2019-ல் நர்சிங் யாதவ் வழக்கில் மனச்சிதைவு நோயாளியான வீரருக்கு ஓய்வூதியம் கிடைக்கவில்லை. அந்த நோயை ஆள் சேர்க்கும்போது கண்டுபிடிக்க முடியாது என்றது உச்ச நீதிமன்றம். 2025 மே மாதம் ராஜுமோன் வழக்கில் அதே நோய்க்கு ஓய்வூதியம் கிடைத்தது. காரணம், மருத்துவக் குழு தன் முடிவுக்கு எந்த விளக்கமும் எழுதவில்லை. ஆக, முறைகேட்டைத் தடுக்க வேண்டுமானால் மருத்துவக் குழு உழைத்துக் காரணம் எழுதட்டும். ஜவானின் மனைவியை ஆபீஸ் ஆபீஸாக அலைய விடுவதால் எந்த முறைகேடும் நிற்காது.

அலைச்சலை வளர்ப்பதில் அரசின் மேல்முறையீட்டுப் பழக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. முடிந்துபோன சட்டப் பிரச்சினைகளில் மீண்டும் மீண்டும் வீரர்களை நீதிமன்றத்துக்கு இழுக்க வேண்டாம் என்று பாதுகாப்பு அமைச்சரே அமைத்த நிபுணர் குழு 2015-லேயே பரிந்துரைத்தது. பத்தாண்டு கழித்தும் ஆயுதப் படைகள் தீர்ப்பாயம் கொடுத்த ஓய்வூதியத்தை எதிர்த்து டெல்லி உயர் நீதிமன்றத்தில் அரசு நூற்றுக்கணக்கான மனுக்களோடு நின்றது. அமைதிப் பகுதியில் நோய் தொடங்கியது என்பது மட்டும் காரணமாகாது என்று அந்த நீதிமன்றம் 2025-ல் தெளிவாகச் சொல்ல வேண்டியிருந்தது.

இப்போது மறுப்புக் கடிதத்தோடு உட்கார்ந்திருக்கும் குடும்பம் முதலில் பார்க்க வேண்டியது கடிதத்தின் தேதியை. முதல் மேல்முறையீட்டுக்கு ஆறு மாதம். அதுவும் நிராகரிக்கப்பட்டால் இரண்டாவதற்கு இன்னொரு ஆறு மாதம். அதற்குப் பிறகு ஆயுதப் படைகள் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு. மருத்துவக் குழு அறிக்கையின் நகல் இல்லாமல் மேல்முறையீடு எழுதுவது வீண்வேலை. கணவர் பெயரிலேயே தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி ரெக்கார்டு ஆபீஸிடம் கேட்கலாம். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் அது வெலிங்டனில் இருக்கிறது. ட்ரங்குப் பெட்டியில் கிடக்கும் டிஸ்சார்ஜ் புக், விடுமுறைக் காலத்து மருந்துச் சீட்டு, எந்த ஆண்டு எந்த ஊரில் போஸ்டிங் என்ற விவரம், எதையும் தூக்கிப் போடக் கூடாது. நாளாகிவிட்டதே என்று விட்டுவிடவும் வேண்டாம். 2008-ன் தர்செம் சிங் தீர்ப்புப்படி தாமதமாக வந்தாலும் கேட்க உரிமை உண்டு. ஆனால் பாக்கித் தொகை பொதுவாக மூன்று ஆண்டுகளுக்குத்தான்.

மாவட்ட அளவில் முன்னாள் படைவீரர் நல அலுவலகங்கள் இருக்கின்றன. அத்தகைய அலுவலகங்களில் சட்ட உதவி மையம் அமைக்க 2025 ஜூலையில் தேசிய சட்டப் பணிகள் ஆணையம் 'வீர் பரிவார் சஹாயதா யோஜனா' திட்டத்தைத் தொடங்கியது. தமிழ்நாட்டில் இந்த மையங்கள் பெயரளவில் நின்றுவிடாமல், மறுப்புக் கடிதத்தைத் தமிழில் விளக்கி மேல்முறையீட்டை எழுதித் தரும் இடமாக மாற வேண்டும். அதோடு பாதுகாப்பு அமைச்சகம் இரண்டு காரியம் செய்யலாம். மருத்துவக் குழு கூடும் நாளில் மனைவியின் வாக்குமூலத்தையும் பதிவு செய்து அறிக்கையோடு இணைக்கட்டும். கணவரின் மனநிலை சரியில்லாதபோது, மேல்முறையீட்டில் மனைவியே கையெழுத்திட்டு நேரில் வாதாட ஒரு பக்கப் படிவம் கொண்டுவரட்டும். நோயாளி தனக்காகப் பேச ஒருவரை நியமித்துக்கொள்ளலாம் என்று 2017-ன் மனநலச் சட்டம் ஏற்கெனவே அனுமதிக்கிறது. அதே உரிமையை பென்ஷன் அலுவலகத்திலும் கொடுக்க ஒரு சுற்றறிக்கை போதும்.