யோகாவும் ஈமானும்

யோகா கூடுமா என்ற வினா நம் இல்லங்களில் அடிக்கடி எழுகிறது. மருத்துவர் முதுகுவலிக்குப் பரிந்துரைக்கிறார். பள்ளியில் பிள்ளைகளுக்குக் கற்றுத்தருகிறார்கள். நாமும் நாள்தோறும் ஃபஜ்ருக்குப் பின் மூச்சுப்பயிற்சியும் சில ஆசனங்களும் செய்துவருகிறோம்.

ஆசனம் யோகத்தின் ஒரு பகுதியே. பதஞ்சலி வகுத்த எட்டு அங்கங்களில் அது மூன்றாவது. மூச்சை நெறிப்படுத்தும் பிராணாயாமம் நான்காவது. சமாதி இறுதி நிலை. அல்பிரூனி 11ஆம் நூற்றாண்டிலேயே பதஞ்சலியின் நூலை அரபியில் ஆக்கினார். இத்தத்துவத்தைக் கற்றறியலாம், நம் அகீதாவாக ஏற்க இயலாது. 2008இல் மலேசியத் தேசிய ஃபத்வா மன்றம் யோகாவை விலக்கியபோது மந்திரம், வழிபாடு, இறைவனோடு ஒன்றாதல் என்னும் நோக்கம் ஆகியவற்றைக் காரணம் காட்டியது. அடியான் என்றும் அடியானே. ரப்பு என்றும் ரப்பே.

கால்களை நீட்டுவதிலும் மூச்சை ஆழ இழுப்பதிலும் வணக்கம் ஏதுமில்லை. சூரிய நமஸ்காரமோ பெயரிலேயே வணக்கம். சூரியனுக்கு ஸுஜூது செய்வதைக் குர்ஆன் (41:37) தடுக்கிறது. சூரியன் உதிக்கும் வேளையில் அல்லாஹ்வைத் தொழுவதையே நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள்; சூரியனை வணங்குவோருக்கு ஒப்பாகிவிடலாகாது என்ற பேணுதல் அது. அவ்வாறிருக்க, உடற்பயிற்சிதானே என்று கதிரவனை நோக்கிக் கைகூப்புவது எங்ஙனம் தகும்?

"தொழுகையும் ஒருவகை யோகாதான்" என்று நம்மவர் சிலர் பெருமையுடன் கூறுவதும் தவறு. ருகூஃவால் முதுகு நலம் பெறலாம். அதற்காக நாம் குனிவதில்லை.

ஆகவே பெற்றோரே, பள்ளியில் கற்றுத்தரப்படுபவை எவை என்று கேட்டறியுங்கள். மந்திரமும் சூரிய நமஸ்காரமும் இருப்பின், அவற்றிலிருந்து பிள்ளைக்கு விலக்களிக்குமாறு ஆசிரியரிடம் கண்ணியமாகக் கோருங்கள். எஞ்சிய பயிற்சியைப் பிள்ளை அஞ்சாது செய்யட்டும். உடலும் அல்லாஹ் தந்த அமானிதமே.