ஆய்வுக்கூடத்தைக் காக்கும் கைகள்

பல்கலைக்கழகம் என்றதும் பேராசிரியரும் மாணவரும் மட்டுமே நம் கண்முன் நிற்கின்றனர். அவர்கள் வருமுன்பே ஆய்வுக்கூடத்தைத் திறந்து, கருவிகளைச் சரிபார்த்து, திராவகங்களை அளந்து வைத்து, அவர்கள் போன பின்பு கழிவை அகற்றிப் பூட்டிச் செல்லும் ஆய்வுக்கூட உதவியாளரை நாம் நினைப்பதில்லை. "குப்பி கழுவும் வேலைதானே!" என்று இளக்காரமாகப் பேசுவோரும் நம்மிடையே உண்டு. இப்பேச்சு தவறு மட்டுமல்ல, நம் பிள்ளைகளின் முன்னேற்றத்திற்கே தடை.

அவ்வேலைக்கு வேண்டிய குணங்கள் யாவை?

முதலாவது, கையில் நிதானம். கந்தகத் திராவகத்தைத் தண்ணீரில் சிறிது சிறிதாக ஊற்ற வேண்டுமேயன்றி, திராவகத்தின்மேல் தண்ணீரை ஊற்றலாகாது. ஊற்றினால் கொதித்துத் தெறித்துக் கண்ணைப் பறித்துவிடும்.

இரண்டாவது, கணக்கில் ஒழுங்கு. குப்பியில் உள்ளது என்ன, எவ்வளவு, என்று நிரப்பியது என எழுதி ஒட்டியாக வேண்டும். நைட்ரிக் திராவகக் கழிவையும் ஆல்ககால் கழிவையும் அறியாமல் ஒரே குப்பியில் சேர்த்தால் அது வெடிக்கக்கூடும்.

மூன்றாவது, நெஞ்சில் உறுதி. பாதுகாப்புக் கண்ணாடி அணியாது வருபவர் பேராசிரியரே ஆயினும், "ஐயா, அணிந்துகொண்டு வாருங்கள்" என்று பணிவோடு தடுக்கும் துணிவு வேண்டும்.

தோழர்களே! இக்குணங்கள் நமக்குப் புதியவையா? ஒன்றரை மில்லிமீட்டர் கனத்திற்குப் பட்டையைச் சீவி, மரத்தில் காயம் விழாமல் பாலெடுக்கும் கைக்கு நிதானத்தை யார் கற்றுத்தர வேண்டும்? பாலை நிறுத்து, அதில் காய்ந்த ரப்பர் எவ்வளவு எனக் கணித்து, ஆள்வாரியாகப் பதியும் கிராணிமார்களுக்கு ஒழுங்கை யார் சொல்லித்தர வேண்டும்? இத்திறமைகளோடு படிப்பும் சேர வேண்டும். நம் நாட்டு அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் இவ்வேலைக்கு எஸ்.பி.எம். சான்றிதழ் கேட்கிறார்கள். விஞ்ஞானமும் மலாய் மொழியும் கைவர வேண்டும். குப்பியின்மேல் உள்ள எச்சரிக்கையைப் படிக்க ஆங்கிலமும் வேண்டும்.

அமெரிக்காவில் விவியன் தாமஸ் என்பவர் இருந்தார். அடிமைகளின் வழிவந்த கறுப்பினத்தவர்; தச்சு வேலை பழகியவர். பணமின்மையால் கல்லூரிக் கனவைக் கைவிட்டு, 1930இல் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் டாக்டர் ஆல்ஃபிரட் பிளாலக்கின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். அவர் செய்தது ஆராய்ச்சி வேலை; சம்பளப் பட்டியலிலோ கூட்டிப் பெருக்கும் ஊழியர் என்றே எழுதினார்கள்! பின்னர் இருவரும் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சென்றனர். இருதயக் கோளாறால் உடல் நீலம் பாரித்துப் பிறந்த குழந்தைகளைக் காக்கும் ரண சிகிச்சை முறையைத் தாமஸ் ஆய்வுக்கூடத்தில் செய்து செய்து பழகித் தேர்ந்தார். 1944 நவம்பர் 29ஆம் நாள் பிளாலக் முதன்முதலில் ஒரு குழந்தைக்கு அதைச் செய்தபோது, தாமஸ் பின்னால் ஒரு முக்காலியின்மேல் நின்று வழி சொன்னார். அதே பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் அளித்தது 1976இல். முப்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து!

இதிலிருந்து தொழிலாளராகிய நாம் கற்பது ஒன்றுண்டு. திறமை கையில் இருந்தால் மட்டும் போதாது. அது சம்பளப் பட்டியலிலும் ஏற வேண்டும். மரம் சீவுவது தேர்ச்சியற்ற வேலை என்று ஒருவர் எழுதினால் நமக்கு எப்படி வலிக்குமோ, அப்படியே ஆய்வுக்கூட ஊழியரை வெறும் எடுபிடி என்றால் அவர்களுக்கும் வலிக்கும். ஊழியருக்குப் பயிற்சியும் பாதுகாப்பும் அளிப்பது முதலாளியின் கடமை என 1994ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் கூறுகிறது. அதைச் சலுகையாகக் கருதிக் கைகட்டி நிற்க வேண்டியதில்லை, உரிமையாகவே கேட்கலாம்.

பெற்றோர்களே! விஞ்ஞானத்தில் ஆர்வமும் கைத்திறனும் உள்ள பிள்ளை வீட்டில் இருந்தால், இவ்வேலையை இழிவென்று ஒதுக்காதீர்கள். விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். வேலை கிடைத்ததும் அங்குள்ள தொழிற்சங்கத்தில் சேரவும் சொல்லுங்கள்.